எக்ஸ்ஏ டிரைவரா, சாதா டிரைவரா: அறிகுறியை வைத்துக் காரணம் தேடுவது

ஜாவா அப்ளிகேஷன் சர்வரில் புது டேட்டா சோர்ஸ் (அப்ளிகேஷனுக்கு டேட்டாபேஸ் கனெக்‌ஷன் தரும் அமைப்பு) உருவாக்கும்போது ஒரு கேள்வி வரும்: எக்ஸ்ஏ டிரைவரா, எக்ஸ்ஏ இல்லாத சாதா டிரைவரா? ஒன்றுக்கு மேற்பட்ட டேட்டாபேஸிலோ மெசேஜ் கியூவிலோ எழுதும்போது, எல்லா இடத்திலும் பதிவாக வேண்டும் அல்லது எங்குமே பதிவாகக் கூடாது என்று பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுதான் எக்ஸ்ஏ. சர்வருக்குள் இருக்கும் டிரான்சாக்‌ஷன் மேனேஜர் முதலில் எல்லா இடத்தையும் தயாரா என்று கேட்கும் (பிரிப்பேர்), எல்லாரும் தயார் என்றால் பதிவு செய்யச் சொல்லும் (கமிட்), இல்லை என்றால் திரும்பப் பெறச் சொல்லும் (ரோல்பேக்). பழைய ப்ராஜெக்ட்டில் என்ன இருந்ததோ அதையே தட்டிவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுவோம். அதன் பலன் மாதக் கணக்கில் கழித்து, மாதக்கடைசிப் பணிகள் ஓடும் ஒரு இரவில் தெரியும். அந்த மாதிரி இரவுகளில் கூப்பிடப்படும் ஆள் நான். வருகிற பிழைகள் ஏழுதான். அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. உங்களுக்கு எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிட்டுப் போங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன் ஒரு எண்ணிக்கை

பிழை வந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் அது எத்தனை இடங்களைத் தொடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். டிரான்சாக்‌ஷன் என்றால் முழுதாக நடக்க வேண்டிய, இல்லையேல் நடக்கவே கூடாத ஒரு தொகுப்பு வேலை.

ஒரு டேட்டாபேஸ் என்றால் ஒன்று. அதோடு மெசேஜ் கியூவிலும் போடுகிறது என்றால் இரண்டு. ஒரே டேட்டாபேஸில் இரண்டு ஸ்கீமா, ஒரே டேட்டா சோர்ஸ் வழியாகவே போகிறது என்றால் அது ஒன்றுதான். ஒரே டேட்டாபேஸுக்கு இரண்டு டேட்டா சோர்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்றால் சர்வரின் கண்ணுக்கு அது இரண்டு. சும்மா ஒரு வரி படிப்பதற்காக இன்னொரு டேட்டா சோர்ஸைத் தொட்டால் அதுவும் கணக்கில் சேரும். இங்கேதான் பலர் எண்ணிக்கையைத் தவறவிடுகிறார்கள்.

எண்ணிக்கை ஒன்று என்றால் சாதா டிரைவர் போதும். இரண்டோ அதற்கு மேலோ என்றால் எக்ஸ்ஏ வேண்டும், அல்லது வேலையையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். நான் பார்த்த அமைப்புகளில் எக்ஸ்ஏ போட்டிருந்த பலவற்றுக்கு அது தேவையே இல்லை. தேவைப்பட்ட இடங்களிலோ பாதி அமைப்போடு நிறுத்தியிருந்தார்கள். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றிலிருந்து வருபவை.

இப்போது எது ஓடுகிறது என்று தெரியவில்லையா? வைல்ட்ஃபிளை என்ற அப்ளிகேஷன் சர்வரில் அமைப்புக் கோப்பில் டேட்டா சோர்ஸின் பெயர்க்குறி 'எக்ஸ்ஏ-டேட்டாசோர்ஸ்' என்று தொடங்குகிறதா பாருங்கள். வெப்லாஜிக் சர்வரில் டிரைவர் வகுப்பின் பெயரைப் பாருங்கள். ஆரக்கிள், போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் மூன்றிலும் எக்ஸ்ஏ வகுப்பின் பெயருக்குள்ளேயே அந்த எழுத்துகள் இருக்கும். டேட்டா சோர்ஸுக்கு யாரோ வைத்த பெயரை நம்பாதீர்கள். பெயரில் எக்ஸ்ஏ, உள்ளே சாதா டிரைவர் என்று இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 1: இரண்டாவது கனெக்‌ஷனைத் தொட்டதும் பிழை

வைல்ட்ஃபிளை என்றால் அர்ஜுனா012140 என்ற எண்ணோடு 'மல்டிபிள் லாஸ்ட் ரிசோர்சஸ்' என்ற சொற்கள் வரும். வெப்ஸ்பியரில் டபிள்யூடிஆர்என்0062இ. வெப்லாஜிக்கில், இந்த டிரான்சாக்‌ஷனில் இந்தப் பூலிலிருந்து (கனெக்‌ஷன்களைச் சேர்த்துவைத்திருக்கும் இடம்) ஏற்கெனவே கனெக்‌ஷன் எடுத்தாகிவிட்டது, இன்னொரு பூலிலிருந்து எடுக்கக் கூடாது என்ற பொருளில் ஒரு எஸ்கியூஎல் எக்ஸெப்ஷன். மூன்றும் ஒரே சங்கதிதான்: சாதா டிரைவர் இரண்டை ஒரே டிரான்சாக்‌ஷனில் சேர்க்கப் பார்க்கிறீர்கள்.

இரண்டும் ஒரே டேட்டாபேஸா? முதலில் இதைப் பாருங்கள், செலவே இல்லாத சோதனை. இரண்டு டேட்டா சோர்ஸின் முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு இடத்தில் இதற்காக மூன்று நாள் எக்ஸ்ஏ-வுக்கு மாறும் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் சர்வரின் பெயர் எழுதியிருந்தது, மற்றொன்றில் ஐபி எண். இரண்டும் ஒரே இயந்திரம், ஒரே டேட்டாபேஸ். ஒரு டேட்டா சோர்ஸை நீக்கிவிட்டு, அதைப் பயன்படுத்திய இடங்களில் மற்றதன் பெயரைப் போட்டதோடு வேலை முடிந்தது.

இரண்டாவது வெறும் படிப்புதானா? ஊழியர் பெயர், நாணய மாற்று விகிதம், கிளைப் பட்டியல் போன்றவற்றை வேறு டேட்டாபேஸிலிருந்து எடுக்கிறீர்களா? அதை டிரான்சாக்‌ஷன் தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் அந்த மெத்தடை 'நாட் சப்போர்ட்டட்' (டிரான்சாக்‌ஷன் இல்லாமல் ஓடு) என்று குறித்து வெளியே தள்ளுங்கள். அந்த மெத்தட் தனி வகுப்பில் இருக்க வேண்டும். ஏன் என்பது அறிகுறி 3-இல் வருகிறது.

உண்மையிலேயே இரண்டு இடத்தில் எழுதுகிறதா? அப்படியானால் எக்ஸ்ஏ-வுக்கு மாறும் நேரம் வந்துவிட்டது. முடிந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஒன்று மட்டும் சாதாவாக இருந்தாலும் வைல்ட்ஃபிளை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. அதுவும் அறிகுறி 3-இல்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பல 'லாஸ்ட் ரிசோர்ஸ்'களை, அதாவது ஒரே டிரான்சாக்‌ஷனில் பல சாதா டிரைவர்களை, அனுமதிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் இந்தப் பிழை உடனே மறைந்துவிடும். மறைந்த பிழை அறிகுறி 3-ஆகத் திரும்பி வரும்.

## அறிகுறி 2: எக்ஸ்ஏ-வுக்கு மாறியாயிற்று, பிரிப்பேர் கட்டத்தில் விழுகிறது

இதில் எல்லாரையும் குழப்புவது ஒன்றுதான்: டெஸ்ட் சர்வரில் ஓடியதே! ஓடும். டிரான்சாக்‌ஷனில் ஒரே ஒரு இடம்தான் சேர்ந்திருக்கிறது என்றால் டிரான்சாக்‌ஷன் மேனேஜர் பிரிப்பேர் கட்டத்தைத் தாண்டி நேராகக் கமிட்டுக்குப் போய்விடும். இரண்டாவது இடம் சேரும் வேலை டெஸ்ட்டில் ஒருமுறைகூட ஓடியிருக்காது. அதனால் இந்தப் பிழையைச் சரிசெய்த பிறகு, இரண்டு இடத்திலும் எழுதும் ஒரு வேலையை ஓட்டிப் பார்த்தால்தான் சோதனை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

போஸ்ட்கிரஸ்: 'மேக்ஸ்_பிரிப்பேர்டு_டிரான்சாக்‌ஷன்ஸ்' என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 0. அதாவது பிரிப்பேர் என்பதே அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. குறைந்தது 'மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ்' அளவுக்கு அதை உயர்த்துங்கள். டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் மாற்றம் ஏறும். ஸ்டாண்ட்பை (பிரைமரி டேட்டாபேஸின் நகல் சர்வர்) இருந்தால் முதலில் அதில் உயர்த்திவிட்டு, அப்புறம் பிரைமரியில் உயர்த்துங்கள். ஸ்டாண்ட்பையில் மதிப்பு குறைவாக இருந்தால் அங்கே படிக்கும் வேலைகள் நின்றுபோகும்.

மதிப்பு சரியாக இருந்தும் விழுகிறதா? டிரான்சாக்‌ஷனுக்குள் தற்காலிக டேபிள் உருவாக்குகிறீர்களா பாருங்கள். தற்காலிக டேபிளைத் தொட்ட டிரான்சாக்‌ஷனைப் போஸ்ட்கிரஸ் பிரிப்பேர் செய்ய விடாது. அதற்கு அமைப்பில் மருந்து இல்லை, கோடைத்தான் மாற்ற வேண்டும்.

எஸ்கியூஎல் சர்வர்: எம்எஸ்டிடிசி (விண்டோஸின் டிரான்சாக்‌ஷன் ஒருங்கிணைப்பு) சர்வீஸ் ஓடுகிறதா, அதில் எக்ஸ்ஏ டிரான்சாக்‌ஷனுக்கு அனுமதி டிக் செய்திருக்கிறதா, இடையில் ஃபயர்வால் 135-ஆம் போர்ட்டை அடைத்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். முன்பெல்லாம் ஒரு டிஎல்எல் கோப்பைக் கையால் எடுத்துப் போட வேண்டியிருந்தது. 2017 பதிப்பின் சியூ16 (16-ஆவது தொகுப்பு அப்டேட்) முதல் அந்தப் பகுதி சர்வரோடே வருகிறது. 'எஸ்பி_எஸ்கியூஎல்ஜேடிபிசி_எக்ஸ்ஏ_இன்ஸ்டால்' என்ற புரொசீஜரை ஓட்டி இயக்கிக்கொள்ளலாம். அப்புறம் உங்கள் யூசரை மாஸ்டர் டேட்டாபேஸில் 'எஸ்கியூஎல்ஜேடிபிசிஎக்ஸ்ஏயூசர்' ரோலில் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் வழக்கமாக மறந்துபோவது.

டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்வதோ ஃபயர்வாலைத் திறப்பதோ தேவைப்பட்டால், அது உங்கள் கையால் செய்யும் வேலை அல்ல. இந்த இடத்தில் டிபிஏ-வையும் (டேட்டாபேஸ் நிர்வாகி) நெட்வொர்க் ஆட்களையும் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: ஒரு பக்கம் பதிவாகியிருக்கிறது, மறுபக்கம் இல்லை, பிழையும் இல்லை

எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். பணம் கழிந்திருக்கும், ரசீது இருக்காது. ஆர்டர் இருக்கும், கிடங்குக்குச் செய்தி போயிருக்காது. லாக் சுத்தமாக இருக்கும். பிழை விழுந்து நிற்கும் அமைப்பைவிட, விழாமல் தவறாக ஓடும் அமைப்பைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

1. டிரான்சாக்‌ஷன் தொடங்கவே இல்லை. ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் 'டிரான்சாக்‌ஷனல்' என்று குறித்த மெத்தடை அதே வகுப்பின் இன்னொரு மெத்தட் நேராக அழைத்தால் அந்தக் குறி வேலை செய்யாது. குறி இருக்கிறது, பலன் இல்லை. வேறு வகுப்புக்கு நகர்த்துங்கள். சோதிக்க, டிரான்சாக்‌ஷன் மேனேஜரின் லாக் அளவை டிரேஸுக்கு ஏற்றி ஒரே ஒருமுறை வேலையை ஓட்டுங்கள். இரண்டு இடங்களும் ஒரே டிரான்சாக்‌ஷன் எண்ணின் கீழ் சேர்வது தெரிய வேண்டும். இரண்டு வேறு எண்கள் தெரிந்தாலோ, ஒன்று தெரியவே இல்லை என்றாலோ காரணம் கிடைத்துவிட்டது.

2. டேட்டா சோர்ஸ் வெளியே நிற்கிறது. வைல்ட்ஃபிளையில் 'ஜேடிஏ' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' என்று வைத்த டேட்டா சோர்ஸ் எந்தப் பெரிய டிரான்சாக்‌ஷனிலும் சேராது, தன் போக்கில் கமிட் செய்துகொள்ளும். எப்போதோ ஒரு ரிப்போர்ட்டுக்காக யாரோ மாற்றியிருப்பார்கள்.

3. ஸ்பிரிங்கில் இரண்டு டிரான்சாக்‌ஷன் மேனேஜர்கள். ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் ஒன்று என்று வைத்து, இரண்டையும் ஒரு சங்கிலியாகக் கோத்திருப்பார்கள். 'செயின்டு டிரான்சாக்‌ஷன் மேனேஜர்' ஒன்றன்பின் ஒன்றாகக் கமிட் செய்யும், அவ்வளவுதான். முதலாவது கமிட் ஆகி இரண்டாவது விழுந்தால் முதலாவதைத் திரும்பப் பெற முடியாது. ஸ்பிரிங் டேட்டா 2.5 பதிப்பிலேயே அதைக் கைவிட வேண்டியது என்று அறிவித்துவிட்டார்கள். இன்னும் பழைய கோடில் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

4. மைஎஸ்கியூஎல்லில் மைஐசாம் டேபிள். பழைய டேபிள் ஒன்று மைஐசாம் எஞ்சினிலேயே தங்கியிருந்தால், நீங்கள் எந்த டிரைவர் போட்டாலும் அதில் எழுதியது எழுதியதுதான். ரோல்பேக் அதைத் தொடாது. டேபிள்களின் எஞ்சினைப் பட்டியலிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். இன்னோடிபிக்கு மாற்றுங்கள்.

5. மறுபக்கம் எக்ஸ்ஏ பேசாத ஒரு மெசேஜ் அமைப்பு. காஃப்காவுக்கு அதன் சொந்த டிரான்சாக்‌ஷன் உண்டு, எக்ஸ்ஏ கிடையாது. ராபிட்எம்கியூவும் எக்ஸ்ஏ பேசாது. ஆக்டிவ்எம்கியூ பேசும். பேசாத ஒன்றோடு சேர வேண்டும் என்றால், டேட்டாபேஸிலேயே ஒரு அவுட்பாக்ஸ் டேபிள் வையுங்கள். ஆர்டரையும் அனுப்ப வேண்டிய செய்தியையும் ஒரே சாதா டிரான்சாக்‌ஷனில் எழுதுங்கள். தனியாக ஒரு வேலை அந்த டேபிளைப் படித்துச் செய்தியை அனுப்பட்டும். ஒரே செய்தி இரண்டு முறை போக வாய்ப்பு உண்டு. ஆகவே பெறுபவர் பக்கத்தில் செய்தி எண்ணை வைத்து இரட்டிப்பைத் தள்ளிவிட வேண்டும். என்னைக் கேட்டால் கியூ ஆக்டிவ்எம்கியூவாகவே இருந்தாலும் புது வேலைக்கு இந்த வழியைத்தான் சொல்வேன். எக்ஸ்ஏ-வைப் பராமரிக்க ஆள் இல்லாத குழுக்களுக்கு இதுவே நிம்மதி.

6. நடுவழித் தீர்வின் ஓட்டை. எக்ஸ்ஏ இடங்களோடு சாதா டிரைவர் ஒன்றைக் கடைசி ரிசோர்ஸாகச் சேர்த்திருக்கிறீர்கள். சர்வர் முதலில் எக்ஸ்ஏ இடங்களைப் பிரிப்பேர் செய்யும், பிறகு சாதா ஆளைக் கமிட் செய்யும், அப்புறம் முடிவைத் தன் லாக்கில் எழுதிவிட்டு மற்றவர்களைக் கமிட் செய்யும். சாதா ஆளின் கமிட்டுக்கும் லாக்கில் எழுதுவதற்கும் நடுவே சர்வர் விழுந்தால்? எழுந்ததும் லாக்கைப் பார்க்கும், ஒன்றும் இருக்காது, மற்றவர்களை ரோல்பேக் செய்துவிடும். சாதா பக்கம் மட்டும் பதிவாகி நிற்கும். நேரக் கணக்கில் மிகச் சிறிய இடைவெளி. ஆனால் நாள் முழுக்க டிரான்சாக்‌ஷன் ஓடும் இடத்தில் என்றாவது ஒருநாள் அது சிக்கும்.

இதற்கு மருந்து இருக்கிறது. முடிவை அந்தச் சாதா டேட்டாபேஸுக்குள்ளேயே, அதே கமிட்டோடு சேர்த்து எழுதிவைப்பது. வெப்லாஜிக்கில் 'லாகிங் லாஸ்ட் ரிசோர்ஸ்' என்பது இதுதான். 'டபிள்யூஎல்_எல்எல்ஆர்' என்று தொடங்கும் ஒரு டேபிளை அது உங்கள் ஸ்கீமாவில் வைத்துக்கொள்ளும். குப்பை டேபிள் என்று யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வைல்ட்ஃபிளையில் 'கமிட் மார்க்கபிள் ரிசோர்ஸ்'. வெப்லாஜிக்கில் 'எமுலேட் டூ-ஃபேஸ் கமிட்' என்ற இன்னொரு தேர்வும் பக்கத்திலேயே இருக்கும். அது எக்ஸ்ஏ போல நடிக்கும், காப்பாற்றாது. தரவு முக்கியம் என்றால் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: காரணத்தை நீங்கள் அடைக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒருபக்கமாகப் பதிவானவற்றை நீங்களே கையால் திருத்தாதீர்கள். எது சரி என்பது அந்தத் தொழிலை நடத்துபவருக்கும் கணக்குப் பிரிவுக்கும்தான் தெரியும். பட்டியல் எடுத்துக் கொடுங்கள், முடிவை அவர்கள் சொல்லட்டும்.

## அறிகுறி 4: உள்ளே யாரும் இல்லை, ஆனால் பூட்டு விழுந்திருக்கிறது

ஒரு வாடிக்கையாளர் இடத்தில் போஸ்ட்கிரஸ் டேபிள் ஒன்று ஊதிக்கொண்டே போனது. வரிகள் சில லட்சம்தான், டிஸ்க்கில் இடமோ பல மடங்கு. ஆட்டோவேக்கம் (செத்த வரிகளின் இடத்தை விடுவிக்கும் பணி) ஓடுகிறது, ஆனால் எதையும் விடுவிக்கவில்லை. சில வரிகளை மட்டும் அப்டேட் செய்யவே முடியவில்லை, காத்துக்கொண்டே நிற்கிறது. செஷன் பட்டியலில் சந்தேகப்படும்படி யாரும் இல்லை. கடைசியில் டேட்டாபேஸையே ரீஸ்டார்ட் செய்தார்கள். பூட்டு அப்படியே இருந்தது. அப்போதுதான் 'பிஜி_பிரிப்பேர்டு_எக்ஸாக்ட்ஸ்' என்ற வியூவைத் திறந்து பார்த்தோம். ஒரே ஒரு வரி. அதன் தேதி 19 நாள் பழையது.

பிரிப்பேர் ஆன டிரான்சாக்‌ஷன் எந்தச் செஷனுக்கும் சொந்தமில்லை, டேட்டாபேஸ் விழுந்து எழுந்தாலும் அது நிற்கும். யாராவது கமிட் என்றோ ரோல்பேக் என்றோ சொல்லும்வரை பூட்டை விடாது, வேக்கமையும் தடுக்கும். மாதக் கணக்கில் விட்டுவிட்டால் டிரான்சாக்‌ஷன் எண்கள் தீர்ந்துபோய், போஸ்ட்கிரஸ் புது எழுத்துகளை ஏற்காமல் நின்றுவிடும் அளவுக்குப் போகலாம்.

எங்கே பார்ப்பது

போஸ்ட்கிரஸில் மேலே சொன்ன வியூ. 'பிஜி_லாக்ஸ்' பட்டியலில் பிஐடி (ப்ராசஸ் எண்) காலியாக இருக்கும் வரிகளும் இவர்களுடையவை.

மைஎஸ்கியூஎல்லில் 'எக்ஸ்ஏ ரெக்கவர்' கட்டளை. 'கன்வர்ட் எக்ஸ்ஐடி' என்று சேர்த்துக் கொடுத்தால் அடையாளம் படிக்கக்கூடிய வடிவில் வரும். 8.0 முதல் இதற்கு 'எக்ஸ்ஏ_ரெக்கவர்_அட்மின்' உரிமை வேண்டும். உங்கள் மைஎஸ்கியூஎல் 5.7.7-க்கு முந்தையது என்றால் எக்ஸ்ஏ-வே வேண்டாம். அங்கே கனெக்‌ஷன் அறுந்தாலே பிரிப்பேர் ஆனது காணாமல் போய்விடும்.

ஆரக்கிளில் ஓஆர்ஏ-01591 என்ற பிழையே சொல்லிவிடும். 'டிபிஏ_2பிசி_பெண்டிங்' வியூவைப் பாருங்கள். ஆரக்கிளில் கூடுதல் தொல்லை, அந்த வரிகளைப் படிக்கவே முடியாது. எந்தப் பதிப்பைக் காட்டுவது என்று அதற்குத் தெரியாததால் படிப்பவரையும் தடுத்துவிடும்.

யாருடையது

அடையாளத்தின் முதல் எண்ணைப் பாருங்கள். 131077 என்று தொடங்கினால் அதை உருவாக்கியது நாராயணா, அதாவது வைல்ட்ஃபிளை குடும்பம். 1096044365 என்றால் அட்டாமிகோஸ் என்ற டிரான்சாக்‌ஷன் மேனேஜர். 48801 என்றால் வெப்லாஜிக். ஒரே டேட்டாபேஸை இரண்டு மூன்று அப்ளிகேஷன்கள் பயன்படுத்தும் இடத்தில், யாரைத் தட்டி எழுப்புவது என்று இந்த எண் உடனே சொல்லிவிடும். எங்கள் வரி 131077 என்று தொடங்கியது.

ஏன் தானாகச் சரியாகவில்லை

டிரான்சாக்‌ஷன் மேனேஜரே இதைச் சுத்தம் செய்ய வேண்டும். நாராயணா இயல்பாக 2 நிமிடத்துக்கு ஒருமுறை தேடும். பத்து நிமிடமாகியும் வரி போகவில்லை என்றால் எளிய காரணத்திலிருந்து இப்படிப் பாருங்கள்.

சர்வர் ஓடுகிறதா? பலமுறை இவ்வளவுதான் விஷயம். அணைத்துவைத்த பழைய சர்வரை எழுப்பினால் அதுவே தன் பாக்கியைத் தீர்த்துக்கொள்ளும்.

ரெக்கவரி யூசருக்கு உரிமை இருக்கிறதா? ஆரக்கிளில் 'டிபிஏ_பெண்டிங்_டிரான்சாக்‌ஷன்ஸ்', 'டிபிஏ_2பிசி_பெண்டிங்' ஆகியவற்றைப் படிக்கவும், 'டிபிஎம்எஸ்_எக்ஸ்ஏ' பேக்கேஜை ஓட்டவும் உரிமை தர வேண்டும். இல்லாவிட்டால் வைல்ட்ஃபிளை லாக்கில் அர்ஜுனா016027 என்ற எச்சரிக்கை 2 நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்துகொண்டே இருக்கும். அந்த வரியைப் பலர் சத்தம் என்று நினைத்து வடிகட்டிவைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அந்த வடிகட்டியை எடுத்துவிடுங்கள்.

டிரான்சாக்‌ஷன் லாக் இன்னும் இருக்கிறதா? வைல்ட்ஃபிளையில் 'டேட்டா' ஃபோல்டருக்குள் 'டிஎக்ஸ்-ஆப்ஜெக்ட்-ஸ்டோர்' என்று இருக்கும். எங்கள் 19 நாள் வரியின் காரணம் இதுதான். சர்வர் கன்டெய்னரில் ஓடியது, அந்த ஃபோல்டர் கன்டெய்னரின் சொந்த டிஸ்க்கில் இருந்தது. புதுப் பதிப்பு ஏற்றியபோது பழைய கன்டெய்னரோடு லாக்கும் போய்விட்டது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் எக்ஸ்ஏ ஓட்டுவதானால் ஸ்டேட்ஃபுல்செட்டும் நிலையான வால்யூமும் கட்டாயம். அது முடியாது என்றால் எக்ஸ்ஏ வேண்டாம். இதில் நான் சமரசம் செய்வதில்லை.

'நோட்-ஐடென்டிஃபையர்' ஒவ்வொரு சர்வருக்கும் தனியா? வைல்ட்ஃபிளையில் அதன் இயல்பு மதிப்பு 1. இரண்டு சர்வரையும் அப்படியே விட்டால், ஒன்று தேடும்போது மற்றதன் ஓடிக்கொண்டிருக்கும் டிரான்சாக்‌ஷனைத் தன் அநாதை என்று நினைத்து ரோல்பேக் செய்துவிடும். மாறாக, சர்வர் எழும் ஒவ்வொரு முறையும் பெயர் மாறினால் யாரும் பழைய பாக்கியைத் தொட மாட்டார்கள். தனியாகவும் வேண்டும், நிலையாகவும் வேண்டும். 23 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால் நீளமான குபர்நெட்டிஸ் பாட் பெயர்களை அப்படியே போட முடியாது.

கையால் முடிப்பது

இதுதான் விலை கூடிய வழி. கட்டளை சின்னது: போஸ்ட்கிரஸில் 'கமிட் பிரிப்பேர்டு' அல்லது 'ரோல்பேக் பிரிப்பேர்டு', அதே டேட்டாபேஸில் இணைந்து, அதே யூசராகவோ சூப்பர்யூசராகவோ. மைஎஸ்கியூஎல்லில் 'எக்ஸ்ஏ கமிட்' அல்லது 'எக்ஸ்ஏ ரோல்பேக்'. ஆரக்கிளில் 'கமிட் ஃபோர்ஸ்' அல்லது 'ரோல்பேக் ஃபோர்ஸ்'. பிறகு வியூவில் மிச்சமிருக்கும் வரியை 'டிபிஎம்எஸ்_டிரான்சாக்‌ஷன்' பேக்கேஜ் வழியாக நீக்க வேண்டியிருக்கும்.

எதைச் சொல்வது என்பதுதான் கடினம். மறுபக்க டேட்டாபேஸில் அதே வேலை கமிட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் இங்கும் கமிட். மறுபக்கமும் பிரிப்பேரிலேயே நிற்கிறது அல்லது தடமே இல்லை, டிரான்சாக்‌ஷன் லாக்கிலும் முடிவு இல்லை என்றால் இரண்டு பக்கமும் ரோல்பேக். எங்கள் விஷயத்தில், தொங்கிய வரியின் நேரத்தை ஒட்டி மறுபக்க டேட்டாபேஸில் தேடினோம். ஒரு கட்டண ரசீது அதே நொடியில் பதிவாகியிருந்தது. பூட்டியிருந்த வரியும் அதே ரசீதுக்கான பாக்கித் தொகைதான். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து இரண்டையும் ஒப்பிட்டுச் சரி என்ற பிறகே கமிட் கொடுத்தோம். அடுத்த வேக்கமில் டேபிளின் செத்த வரிகள் எல்லாம் விடுபட்டன.

தொங்குவது ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, மறுபக்கம் உங்கள் நிறுவனத்துக்கு வெளியே இருந்தாலோ, டிபிஏ இல்லாமல் ஒரு கட்டளையும் கொடுக்காதீர்கள். தவறான பக்கம் முடித்தால் திருப்ப வழி இல்லை.

## அறிகுறி 5: எக்ஸ்ஏ-வுக்கு மாறியதிலிருந்து மெதுவாகிவிட்டது

எண்ணிக்கைத் தாளை மறுபடி எடுங்கள். பெரும்பாலான வேலைகள் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன என்றால், எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்ஏ பூல் வழியாக அனுப்பத் தேவையில்லை. மைஎஸ்கியூஎல்லில் எக்ஸ்ஏ தொடங்குவதும் முடிப்பதும் கமிட்டும் தனித்தனிக் கட்டளைகள். ஒவ்வொன்றும் டேட்டாபேஸுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். ஒரே இடத்தைத் தொடும் வேலைகளுக்குத் தனியாக ஒரு சாதா டேட்டா சோர்ஸ் வையுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அறிகுறி 1 வரும்.

உண்மையிலேயே இரண்டு இடம் வேண்டிய வேலைதான் மெதுவாக இருக்கிறதா? டிரான்சாக்‌ஷன் லாக் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முடிவும் டிஸ்க்கில் உட்கார்ந்த பிறகே அடுத்த கட்டம் நகரும். நெட்வொர்க் டிஸ்க்கிலிருந்து வேகமான எஸ்எஸ்டிக்கு மாற்றுவது பலமுறை போதுமானதாக இருக்கும். வேகத்துக்காக அந்த எழுத்தையே அணைக்கும் வழிகளை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அணைத்தால் எக்ஸ்ஏ போட்ட காரணமே போய்விடும்.

## அறிகுறி 6: சொல்லிவைத்தாற்போல ஒரே நொடிக் கணக்கில் அறுந்துபோகிறது

நொடிக் கணக்கே காரணத்தைச் சொல்லிவிடும். 30 என்றால் வெப்லாஜிக்கின் டிரான்சாக்‌ஷன் நேர வரம்பு. 300 என்றால் வைல்ட்ஃபிளையினுடையது. 50 என்றால் மைஎஸ்கியூஎல்லில் வரிப் பூட்டுக்குக் காத்திருக்கும் வரம்பு. ஆரக்கிளில் 60 நொடியில் ஓஆர்ஏ-02049 வந்தால், இன்னொரு டிரான்சாக்‌ஷன் பிடித்திருக்கும் பூட்டுக்காக இது காத்திருந்தது என்று பொருள்.

50-ம் 60-ம் வந்தால் வரம்பை உயர்த்தப் போகாதீர்கள். முதலில் அறிகுறி 4-ஐப் போய்ப் பாருங்கள், தொங்கும் டிரான்சாக்‌ஷன் ஏதாவது பூட்டைப் பிடித்திருக்கலாம். அப்படி ஒன்றும் இல்லை என்றால், வேலைக்குள் வெளி சர்வீஸ் அழைப்பு இருக்கிறதா பாருங்கள். பூட்டைப் பிடித்துக்கொண்டு யாருடைய பதிலுக்கோ காத்திருக்கும் கோடு எக்ஸ்ஏ-வில் இரண்டு டேட்டாபேஸையும் சேர்த்துக் காக்கவைக்கும்.

## அறிகுறி 7: 'கமிட் செய்யக் கூடாது' என்கிறது

வைல்ட்ஃபிளையில் ஐஜே031019, ஆரக்கிளில் ஓஆர்ஏ-02089. சாதா டிரைவரில் தனியாக ஓடிக்கொண்டிருந்த கோடு தன் கையாலேயே கமிட் செய்கிறது. கோடில் கமிட் என்ற அழைப்பைத் தேடி எடுத்துவிடுங்கள். கோடில் இல்லை என்றால் ஸ்டோர்டு புரொசீஜருக்குள் தேடுங்கள். அங்கும் இல்லை என்றால், ஆரக்கிளில் டேபிள் உருவாக்குவது, ட்ரங்கேட் போன்றவை தாமாகவே கமிட் செய்பவை. அவற்றை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே கொண்டுபோங்கள். புரொசீஜர் வேறொரு குழுவுடையது, வேறு இடங்களும் அதை அழைக்கின்றன என்றால் கமிட்டை எடுக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள். அந்தக் கமிட்டை நம்பி எங்கோ ஒரு இரவு வேலை ஓடிக்கொண்டிருக்கலாம்.

## ஆளைக் கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை

எண்ணிக்கைத் தாள். டேட்டா சோர்ஸ்களின் டிரைவர் வகுப்புப் பெயர்கள். தொங்கும் டிரான்சாக்‌ஷனின் முழு அடையாளம், வெட்டாமல், நகலெடுத்து ஒட்டியது. டிரான்சாக்‌ஷன் லாக் ஃபோல்டரின் பிரதி. சர்வரை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்பே எடுத்தது. கடைசியாகச் சர்வர் எப்போது விழுந்தது அல்லது புதுப் பதிப்பு எப்போது ஏறியது என்ற நேரம். இவற்றை முதல் அழைப்பிலேயே கொடுத்தால், பெரும்பாலும் அந்த அழைப்பிலேயே டிபிஏ-வால் முடிவு சொல்ல முடியும்.